ரோஜா அழகியா, கறிவேப்பிலை அழகியா?

ஐப்பசி மழை சற்றே விட்டிருந்த ஒரு காலை. ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரில் ஒரு வீட்டின் கொல்லையில், கறிவேப்பிலை மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது ஒரு கரிய வண்ணத்துப்பூச்சி. பின்சிறகின் நடுவே வெள்ளைத் திட்டு, ஓரமாகச் சிவப்புப் பொட்டுகள், கீழே சின்ன வால். கைபேசியில் ஆறு படங்கள் எடுத்தேன். ஐந்தில் வெறும் கரிய தீற்றல். ஒன்றில் மட்டும் இலைமேல் சிறகை விரித்து உட்கார்ந்திருந்தது. கையேட்டைப் புரட்டி, ‘ரோஜா அழகி’ என்று குறித்துக்கொண்டேன்.

எட்டிப் பார்த்த அந்த வீட்டுப் பாட்டி சொன்னார்: “இதுதான் தம்பி, எங்க கறிவேப்பிலையில முட்டை வச்சிட்டுப் போவுது. அப்புறம் புழு வந்து கொழுந்த எல்லாம் தின்னுடும்.”

நான் எழுதிய பெயர் தவறு என்று அப்போதே தெரிந்துவிட்டது. ரோஜா அழகி கறிவேப்பிலையில் முட்டையிடாது. அதன் புழுவுக்கு உணவு ஆடுதின்னாப்பாளையும் அதன் உறவுக் கொடிகளும்தான். ஆடுகூடத் தொடாத அந்தக் கசப்புக் கொடியின் நஞ்சு புழுவின் உடலில் சேர்ந்து, பூச்சியான பின்னும் தங்கிவிடுகிறது. ஒருமுறை தின்று பார்த்த பறவை மறுமுறை அந்தப் பக்கம் போகாது. கறிவேப்பிலையையும் எலுமிச்சையையும் தின்று வளர்வது வேறொரு பூச்சி. அதன் பெயரே கறிவேப்பிலை அழகி. அதனிடம் நஞ்சு கிடையாது. ஆனால் அதன் பெண் பூச்சிகளில் ஒரு வகை, நஞ்சுள்ள ரோஜா அழகியின் கோலத்தை அப்படியே போட்டுக்கொண்டு திரிகிறது. இன்னொரு வகை சிவப்புடல் அழகியைப் போல இருக்கும். மூன்றாவது வகை தன் இனத்து ஆணைப் போலவே இருக்கும். ஒரே இனத்தில் பெண்ணுக்கு மூன்று தோற்றங்கள்.

முன்பு இவற்றைத் தனித்தனி இனங்கள் என்றே எண்ணிப் பெயர் வைத்திருந்தார்கள். மலாய்த் தீவுகளில் பல ஆண்டுகள் பூச்சி சேகரித்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ்தான், இவை ஒரே இனத்தின் பெண்கள் என்பதை 1865இல் விளக்கி எழுதினார். எந்தப் பெண் எந்தக் கோலம் பூணும் என்பதை முடிவு செய்வது ‘டபுள்செக்ஸ்’ என்னும் ஒற்றை மரபணு என்று கிருஷ்ணமேக் குண்டேயும் அவருடைய குழுவினரும் 2014இல் ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள். ஒன்றரை நூற்றாண்டு ஆராய்ச்சி தேவைப்பட்ட அந்த விஷயம், நம் வீட்டுக் கொல்லையில் குழம்புக்குப் பறிக்கும் இலையின் மேல் நடந்துகொண்டிருக்கிறது.

நஞ்சுள்ளதையும் வேடமிட்டதையும் படத்தில் பிரித்தறிய வழி உண்டு. சிறகை விட்டுவிட்டு உடலைப் பாருங்கள். ரோஜா அழகிக்கும் சிவப்புடல் அழகிக்கும் தலையிலும் வயிற்றிலும் சிவப்பு தெரியும். கறிவேப்பிலை அழகி எந்த வேடம் போட்டாலும் உடல் கருப்புதான். வீட்டுக்கு வந்து என் ஒற்றைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விரிந்த இரு சிறகுகளுக்கும் நடுவே, உடல் கருப்பாக இருந்தது.

பொழுதுபோக்காகப் படமெடுப்பவர்கள் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இதைத்தான். அழகான படம் வேறு, அடையாளம் காண உதவும் படம் வேறு. சிறகின் நிறம் தகதகக்கும் படத்தில் உடல் மறைந்திருந்தால் பெயர் சொல்ல முடியாது. கொஞ்சம் மங்கலாக இருந்தாலும், தேவையான குறி தெரிந்தால் போதும்.

எருக்கஞ்செடியில் வளரும் வெந்தய வரியனை எடுத்துக்கொள்வோம். பழுப்பு ஆரஞ்சு நிறம், கரிய நுனியில் வெள்ளைப் பட்டை. இதுவும் பறவைக்குப் பிடிக்காத நஞ்சுப் பூச்சி. டனைட் எக்ஃப்ளை என்னும் இனத்தின் பெண், இதைப் பார்த்து அச்சு எடுத்ததுபோல் இருக்கும். பின்சிறகின் நடுப்பகுதியில் சில கரும்புள்ளிகள் இருந்தால் வெந்தய வரியன். அந்தப் புள்ளிகள் இல்லாமல், முன்விளிம்பை ஒட்டி ஒரே ஒரு கரும்பொட்டு இருந்தால் எக்ஃப்ளை. சிறகு மூடியிருந்தாலும் விரிந்திருந்தாலும் பின்சிறகு முழுதாகத் தெரிய வேண்டும்.

புல்தரையில் நம் காலடியில் எழும்பிப் பறக்கும் விரல்நகம் அளவு நீலன்களுக்கோ சிறகின் அடிப்பக்கம்தான் அடையாள அட்டை. மேல்பக்கம் பார்த்தால் எல்லாம் ஒரே நீலம். அடிப்பக்கத்தில், முன்சிறகின் நடு அறையில் ஒரு புள்ளி இருக்கிறதா இல்லையா, முன்விளிம்பில் பொடிப்புள்ளிகள் உண்டா என்பதை வைத்துத்தான் இந்த நீலன்களைப் பிரிக்கிறார்கள். ஆகவே சிறகை மூடி உட்காரும்போது, பக்கவாட்டில், பூச்சியின் மட்டத்துக்குக் குனிந்து எடுக்க வேண்டும். முழங்காலில் மண் ஒட்டும், வேறு வழியில்லை.

பருவமும் ஏமாற்றும். மயில் வசீகரனின் அடிச்சிறகில் மழைக்காலத்தில் கண்போன்ற வட்டங்கள் தெளிவாக இருக்கும். கோடையில் பிறக்கும் தலைமுறைக்கு அவை மறைந்து, சிறகின் ஓரம் வளைந்து, காய்ந்த சருகு போலாகிவிடும். மழைக்காலப் படத்தையும் கோடைப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு பூச்சிகள் என்றே தோன்றும். படத்தோடு தேதி இல்லாவிட்டால் பாதித் தகவல் போயிற்று.

கைபேசியில் தேதியும் ஜிபிஎஸ் இடக்குறியும் தானாகப் பதிவாகும். ஜவ்வாது மலையின் பல வளைவுகளில் சிக்னல் கிடைக்காது. ஜிபிஎஸ்ஸுக்கு அது தேவையில்லை என்பதால் கவலை வேண்டாம். கேமரா அமைப்பில் இடப்பதிவை மட்டும் முன்கூட்டியே இயக்கி வைத்துவிட்டால் சரி. பூச்சி உட்கார்ந்த செடியையும் ஒரு படம் எடுங்கள். பாட்டி எனக்குச் சொன்னது அந்தச் செடியைப் பற்றித்தான்.

பூச்சிகளைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை. இந்த மலையின் பீமன்மடவுப் பக்கம் ஓடையோர ஈரமணலில், வெயில் ஏறிய பிறகு, பத்தும் இருபதுமாக உட்கார்ந்து ஈரம் உறிஞ்சிக்கொண்டிருக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஆண்கள். தேனில் கிடைக்காத உப்புச்சத்துக்காக மண்ணுக்கு வருகின்றன. அந்த நேரத்தில் ஆளைப் பற்றி அதிகம் கவலைப்படா. நம் நிழல் அவற்றின்மேல் விழாமல், மெல்ல நகர்ந்து போனால் ஒரு முழம் தூரத்தில் எடுக்கலாம்.

பாம்புக்கு இந்த நெருக்கம் ஆகாது. கட்டுவிரியனையும் நஞ்சில்லாத வெள்ளிக்கோல் வரையனையும் குழப்பிக்கொள்வது மலைக் கிராமங்களிலும் சமவெளியிலும் அன்றாடம் நடப்பது. கட்டுவிரியனுக்குக் கழுத்துப் பக்கம் பட்டைகள் மங்கியோ இல்லாமலோ இருந்து, வால் நோக்கிப் போகப் போகத் தெளிவாகும். வெள்ளிக்கோல் வரையனுக்குத் தலையருகிலேயே பட்டைகள் தொடங்கி, வால் பக்கம் மங்கும். தூரத்தில் நின்று உருப்பெருக்கி எடுத்த முழுநீளப் படம் இதற்குப் போதும். கடி பட்டிருந்தால் படமும் வேண்டாம், பாம்பைத் தேடவும் வேண்டாம். நம் நாட்டு மருத்துவமனைகளில் தரும் நச்சுமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்தே செய்யப்பட்டது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் முக்கியம்.

எடுத்த படத்துக்குப் பெயர் எங்கே கிடைக்கும்? வண்ணத்துப்பூச்சிகளுக்கென்றே ‘பட்டர்ஃப்ளைஸ் ஆஃப் இந்தியா’ தளம் இருக்கிறது. எல்லா உயிர்களுக்கும் ‘இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல்’, ‘ஐ-நேச்சுரலிஸ்ட்’ ஆகியவை. ஐ-நேச்சுரலிஸ்ட் 2008இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் முதுகலைத் திட்டமாகத் தொடங்கியது. அதில் படத்தை ஏற்றியதும் கணினி சில பெயர்களைப் பரிந்துரைக்கும். ஏற்கெனவே பெயரிடப்பட்ட எண்ணற்ற படங்களைப் பார்த்துப் பழகிய நிரல் அது. பிறகு மனிதர்கள் வந்து பார்ப்பார்கள். தேதியும் இடமும் இருந்து, பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் ஒரே இனம் என்று ஒத்துக்கொண்டால் அந்தப் பதிவு ‘ஆய்வுத் தரம்’ பெறும். வளர்ப்புப் பிராணிக்கும் தொட்டிச் செடிக்கும் அந்தத் தரம் கிடையாது.

கணினி சொல்லும் முதல் பெயரை அப்படியே ஏற்பது என்னைப் பொறுத்தவரை பெரிய தவறு. படத்தில் உள்ளதை மட்டுமே அது பார்க்கிறது; கறிவேப்பிலையில் முட்டையிட்டதை அது பார்க்கவில்லை. சில ஸ்கிப்பர் வண்ணத்துப்பூச்சி இனங்களை எத்தனை நல்ல படத்திலும் பிரிக்கவே முடியாது, உடலின் உள்ளுறுப்பைச் சோதித்தால்தான் உறுதி. அப்படிப்பட்ட இடத்தில் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. தெரிந்த அளவுக்கு மட்டும் பெயர் எழுதிய பதிவு, துணிந்து எழுதிய தப்புப் பெயரைவிடப் பல மடங்கு மேல்.

படத்தோடு படத்தை ஒப்பிட்டுப் புதியதைக் கண்டுபிடிப்பது இந்த மலைக்குப் புதிதும் அல்ல. ஜவ்வாது மலையின் காவலூரில்தான் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்கும் இடம். அங்கே வானத்தின் ஒரே பகுதியை வெவ்வேறு நேரங்களில் படமெடுத்து, எந்தப் புள்ளி இடம் மாறியிருக்கிறது என்று தேடினார்கள். அப்படி 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் கண்டறிந்த குறுங்கோளுக்கு ராமானுஜன் என்று பெயர். அதன் எண் 4130. வானத்துக்குச் செய்ததைக் கொல்லைக்கும் ஓடைக்கும் நாம் செய்யலாம்.

செய்ய வேண்டிய தேவையும் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையை நூற்றாண்டுக்கும் மேலாக ஆராய்ந்துவருகிறார்கள். ஜவ்வாது மலை அடங்கிய கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் மேல் அவ்வளவு கண் படவில்லை. பருவமழைகளை ஒட்டி நீல வரியன்களும் வெண்புள்ளிக் கருப்பன்களும் இந்த இரு மலைத்தொடர்களுக்கும் நடுவே கூட்டம் கூட்டமாகப் பறந்து போகின்றன. எந்த நாளில், எந்த ஊர் வழியாக, எந்தத் திசையில் என்பதை ஓரிரு ஆய்வாளர்கள் நின்று பார்த்து முடிக்க இயலாது. போளூரில் ஒருவர், ஆலங்காயத்தில் ஒருவர், திருப்பத்தூர்ப் பேருந்து நிலையத்தில் ஒருவர் என்று படமும் தேதியுமாகக் கிடைத்தால்தான் பாதை தெரியும்.

ஓர் எச்சரிக்கை. அரிய ஆர்க்கிட், கூடு, குஞ்சு ஆகியவற்றின் துல்லியமான இடத்தைப் பொதுவில் போடாதீர்கள். திருடுபவர்களும் அதே படத்தைப் பார்க்கிறார்கள். அச்சுறுத்தலுக்குள்ளான இனங்களின் இடத்தை ஐ-நேச்சுரலிஸ்ட் தானாகவே பரந்த கட்டத்துக்குள் மறைத்துவிடும். மற்றவற்றுக்கு நாமே அதைத் தேர்ந்தெடுக்கலாம். படத்துக்காகப் பூச்சியைப் பிடித்து உட்கார வைப்பதும், செடியை வெட்டிப் பின்னணியைச் சுத்தம் செய்வதும் கூடவே கூடாது.

ஆண்டுதோறும் செப்டம்பரில் நாடு முழுதும் ‘பெரும் வண்ணத்துப்பூச்சி மாதம்’ கொண்டாடுகிறார்கள்; 2020இல் தொடங்கியது. அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். எப்போதோ ஜவ்வாது மலைக்குக் கோடை விழாவுக்குப் போனபோது எடுத்த படம் உங்கள் கைபேசியில் இன்னும் இருக்கும். தேதியும் இடமும் உறுதியாகத் தெரிந்தால், பத்து ஆண்டு பழைய படமும் இன்றைய படத்தைப் போலவே செல்லும். இன்று இரவே தேடி எடுத்து, பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஏற்றிவிடுங்கள்.