அந்தத் துண்டுக்கு வயது சொன்னது யார்?

கிறிஸ்துமஸ் சிறப்பிதழ் நாளை அச்சுக்குப் போகிறது. வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி: “கி.பி. 125-இல் எழுதிய யோவான் நற்செய்திப் பிரதி மான்செஸ்டரில் இருக்கிறதாமே?”

துண்டு இருக்கிறது. ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்திலுள்ள பி 52, உள்ளங்கையில் அடங்கும் பாப்பிரஸ் துணுக்கு. 18-ஆம் அதிகாரத்தின் சில வரிகள் இருபுறமும் உள்ளன. அந்த ‘125’ மட்டும் அதில் எங்கும் இல்லை.

வரி ரசீதிலும் மனுவிலும் பேரரசரின் ஆட்சியாண்டைக் குறிப்பார்கள். நற்செய்தியை நகலெடுத்தவருக்கு அந்த அவசியம் இல்லை. ஆகவே எழுத்தின் வளைவையும் சாய்வையும் ஒப்பிட்டு வயது கணிக்கிறார்கள். 1935-இல் பி 52-ஐப் பதிப்பித்த காலின் ராபர்ட்ஸ், தேதியுள்ள பத்திரங்களோடும் ஒப்பிட்டார். ஆனால் அவருக்கு முக்கியமாகப் பட்டவற்றில் ஒன்று, பைபிளில் இடம்பெறாத ஒரு நற்செய்தியின் பிரதியான எஜெர்ட்டன் துணுக்கு. அதிலும் தேதி கிடையாது, அதன் வயதும் கையெழுத்தை வைத்துச் சொன்னதுதான். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவருக்கு, அதே நிலையிலுள்ள பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி சொன்ன கதை!

1987-இல் அந்தச் சாட்சியே ஆட்டம் கண்டது. எஜெர்ட்டன் சுவடியின் இன்னொரு துண்டு ஜெர்மனியின் கொலோன் சேகரிப்பில் அடையாளம் காணப்பட்டது. அதில் இரு மெய்யெழுத்துகளுக்கிடையே ஒரு மேற்குறி. 3-ஆம் நூற்றாண்டில் பரவலான பழக்கம் அது. அதன்பின் எஜெர்ட்டனின் காலத்தைப் பலர் கி.பி. 200-ஐ ஒட்டி நகர்த்தினார்கள். பி 52-ஐத் தேதியுள்ள பத்திரங்களோடு மறுபடி ஒப்பிட்ட ஆய்வாளர் பிரென்ட் நோங்ப்ரி, 2-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் தள்ள முடியாது என்று 2005-இல் எழுதினார். துண்டு பிந்தியது என்று அவர் சொல்லவில்லை. கையெழுத்தால் அவ்வளவு துல்லியம் முடியாது என்றார். இளமையில் பழகிய எழுத்தை முதுமையிலும் எழுதுகிறவர்கள்தானே நாம்?

கார்பன் சோதனை? பாப்பிரஸ் செய்ய நாணலை வெட்டிய காலத்தைத்தான் சொல்லும், அதுவும் பல பத்தாண்டு வீச்சில்.

நற்செய்தியாளர் கைப்பட எழுதிய மூலப்பிரதி? ஒன்றுகூட இல்லை.

‘முதல் நூற்றாண்டு மாற்கு’? அந்த நூற்றாண்டிலேயே எழுதிய மாற்கு நற்செய்தித் துண்டு கிடைத்துவிட்டது என்று 2012-இல் ஒரு விவாத மேடையில் முழங்கினார்கள். 2018-இல் முறையாகப் பதிப்பித்தபோது 2-ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்றானது.

கண்காட்சிப் பலகையோ பிரசங்கமோ, தேதியற்ற சுவடிக்கு ஒற்றை ஆண்டைச் சொன்னால், எதோடு ஒப்பிட்டார்கள் என்று கேளுங்கள்.