ஓயாத ஏவல்
கழுத்தின் முன்புறம் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்திருப்பது தைராய்டு சுரப்பி. அது சுரக்கும் தைராக்சின் என்னும் ஹார்மோன் இரத்தத்தில் கலந்து, உடல் வளர்ச்சியைப் பேணுகிறது. தைராக்சின் குறைந்தால், மூளையின் அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பி அதனை உணர்ந்து, மேலும் சுரக்குமாறு மற்றொரு ஹார்மோன் வழியே ஏவும். போதிய அளவு சேர்ந்ததும் ஏவலைக் குறைத்துக்கொள்ளும்.

தைராக்சின் உருவாக அயோடின் வேண்டும். இன்றைய இமாசலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கு மண்ணிலோ அயோடின் மிகக் குறைவு. அங்கு வாழ்ந்த பலருக்கு ஏவல் ஓயவில்லை; மூலப்பொருள் இல்லாச் சுரப்பி என்செய்யும்? வீங்கிப் பெருத்தது. இதுவே முன்கழுத்துக் கழலை. 1956-இல் மருத்துவர் வி. ராமலிங்கசாமி குழுவினர் அங்கு ஆய்வைத் தொடங்கினர். சில ஊர்களுக்கு அயோடின் கலந்த உப்பும், சில ஊர்களுக்கு வெற்றுப்பும் வழங்கினர். அயோடின் உப்பை உண்ட ஊர்களின் பள்ளிக் குழந்தைகளிடையே சில ஆண்டுகளில் கழலை வெகுவாகக் குறைந்தது.