அன்பு என்னும் ஒரு சொல்லும் அதன் பல முகங்களும்

2014 ஆம் ஆண்டு மார்ச் 4 ஆம் திகதி, ஏறத்தாழ 24 ஆண்டுகளின் பின்னர், பளை புகையிரத நிலையத்தை ரயில் மீண்டும் வந்தடைந்தது. 1990 இல் சேவை நின்றுபோன பின்னர் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குச் சென்றுவிட்ட பாதை அது. அவ்வாண்டு ஒக்டோபர் 13 ஆம் திகதி யாழ்ப்பாணம் வரை சேவை நீடிக்கப்படும் வரையிலான ஏழு மாதங்களும் பளையே வடபகுதிப் பாதையின் கடைசித் தரிப்பிடமாக விளங்கியது. அந்நாள்களில் அங்கு வந்து இறங்கியோர் பலவிதம். பிறந்த மண்ணைப் பார்க்க வந்தவர்கள், முதிய பெற்றோரைத் தேடி வந்தவர்கள், ரயிலைக் கண்டறியாத பிள்ளைகளுக்கு அதனைக் காட்ட வந்தவர்கள், வெறுமனே வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எனப் பலரும் அங்கு கூடினர்.

இவர்களை அழைத்து வந்தது எது என்று கேட்டால், "அன்பு" என்று ஒரே சொல்லில் விடையளித்து விடுவோம். ஆனால் மண்ணின் மீதான பற்றும், தாய் மீதான பாசமும், துணை மீதான காதலும், முன்பின் அறியாதவர் மீது சுரக்கும் இரக்கமும் ஒன்றல்ல. இவற்றை ஒன்றாகக் கொள்வதனால் விளையும் குழப்பம் வெறும் சொற்குழப்பம் அன்று. போரின் எல்லைக்கோடாகப் பல்லாண்டுகள் கிடந்த பளையில் நின்று பார்த்தால், அக்குழப்பத்துக்கு நாம் கொடுத்த விலை என்னவென்பது புலனாகும்.

சொற்கள் காட்டும் வேறுபாடு

தமிழ் மரபு இவ்விடயத்தில் மிகுந்த நுட்பம் உடையது. திருக்குறளை எடுத்துக் கொள்வோம். "அன்புடைமை" எட்டாம் அதிகாரம். அது இல்லறவியலில் உள்ளது. "அருளுடைமை" இருபத்தைந்தாம் அதிகாரம். அது துறவறவியலில் உள்ளது. "நட்பு" பொருட்பாலில் தனியே பேசப்படுகின்றது. காதலுக்கோ இருபத்தைந்து அதிகாரங்கள் கொண்ட ஒரு பாலே ஒதுக்கப்பட்டுள்ளது. நூல் முழுவதும் அன்பைப் பற்றியே பேசினாலும், அதன் ஒவ்வொரு வடிவத்துக்கும் உரிய இடத்தை வள்ளுவர் வகுத்தே வைத்திருக்கிறார்.

தொடர்புடையவர் மீது இயல்பாக எழுவது அன்பு. தொடர்பில்லாதவர் மீதும் செல்வது அருள் என்று உரையாசிரியர்கள் விளக்குவர். அன்பு முதிர்ந்தால் அதிலிருந்து அருள் பிறக்கும் என்பதே வள்ளுவர் கருத்துமாகும். வீட்டுக்குள் தோன்றுவது வீட்டுக்குள்ளேயே நின்றுவிடலாகாது என்பதே இதன் உட்பொருள்.

"பாசம்" என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். பேச்சு வழக்கில் அது தாய்மையின் பெயர். சைவ சித்தாந்தத்திலோ பதி, பசு, பாசம் என்னும் முப்பொருள்களுள் ஒன்றாகி, உயிரைக் கட்டும் தளையைக் குறிக்கின்றது. "பற்று" என்பதும் அத்தகையதே. பிடிப்பு என்பது அதன் பொருள். அதே சொல் நமது நாட்டில் நிலப்பிரிவின் பெயராகவும் வழங்குகின்றது. கரைதுறைப்பற்று, மண்முனைப்பற்று என்பன நாம் நாளாந்தம் சொல்லும் பெயர்கள். பிடிப்பு எங்கே உண்டோ அங்கே எல்லையும் வந்துவிடுகின்றது போலும்.

இஸ்லாமிய மரபும் இவ்வேறுபாட்டை நன்கறியும். விருப்பத்தைப் பொதுவாகக் குறிப்பது "ஹுப்பு". அல்குர்ஆனின் முப்பதாவது அத்தியாயமாகிய ஸூறத்துர் ரூமின் 21 ஆவது வசனம், கணவன் மனைவியரிடையே இறைவன் ஏற்படுத்தியதாக "மவத்தத்", "ரஹ்மத்" என்னும் இரண்டினைக் குறிப்பிடுகின்றது. முன்னது நேசம்; பின்னது கருணை. இளமையும் உடல்நலமும் உள்ளபோது நேசம் எளிது. நோயும் முதுமையும் வந்தபின் இல்லறத்தைத் தாங்கி நிற்பது கருணையே. "ரஹ்மத்" என்ற சொல்லின் வேரிலிருந்தே கருப்பையைக் குறிக்கும் "ரஹிம்" என்ற சொல்லும் பிறக்கின்றது. எனினும் தாய்மையின் வேரிலிருந்து பிறந்த அக்கருணை தான் பெற்ற பிள்ளையோடு நின்றுவிடுவதில்லை. அல்குர்ஆனின் 114 அத்தியாயங்களில் ஒன்று தவிர ஏனையவற்றின் தொடக்கத்தில், படைப்புகள் அனைத்துக்கும் உரிய இறைவனின் பண்பாகவே அது கூறப்படுகின்றது.

இரு மரபுகளும் ஒரே இடத்தில் சந்திப்பதும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் குணங்குடி மஸ்தான் சாகிபு, இறைவனைக் காதலியாக உருவகித்து "மனோன்மணிக் கண்ணி" பாடினார். நாயக நாயகி பாவம் தமிழ்ப் பக்தி இலக்கியத்துக்குப் புதியதன்று. தொண்டனாக, மகனாக, தோழனாக இறைவனை அணுகும் நெறிகளைச் சைவம் முறையே அப்பர், சம்பந்தர், சுந்தரர் ஆகியோரின் வாழ்வில் காட்டும். மனித உறவுகளின் அன்பு வடிவங்களைக் கொண்டே மனிதருக்கு அப்பாற்பட்டதையும் அறிய முயன்றனர் நமது முன்னோர். பௌத்தம் மெத்தா, கருணா, முதிதா, உபேக்கா என்று வகுப்பதும், கிரேக்கர் காமம், நட்பு, குடும்பப் பாசம், தன்னலமற்ற அன்பு ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் வைத்திருந்ததும் இத்தேவை எங்கும் உணரப்பட்டது என்பதையே காட்டுகின்றன.

காத்திருத்தல் என்னும் அன்பு

அகத்திணை மரபு காதலின் நிலைகளை நிலத்தோடு பொருத்தியது. குறிஞ்சிக்குப் புணர்தல், பாலைக்குப் பிரிதல், முல்லைக்கு இருத்தல், நெய்தலுக்கு இரங்கல், மருதத்துக்கு ஊடல் என்பன உரிப்பொருள்கள். முல்லைத் தலைவி காத்திருப்பாள். ஆனால் அவளது காத்திருப்புக்கு ஒரு தவணை உண்டு. கார்காலம் வந்தால் தலைவன் திரும்புவான்.

வன்னியில் இன்று காத்திருப்போருக்கு அத்தகைய தவணை எதுவுமில்லை. 2017 ஆம் ஆண்டு பெப்ரவரி 20 ஆம் திகதி, வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடர் போராட்டம் ஒன்றை ஆரம்பித்தனர். அது ஆண்டுக்கணக்கில் நீடித்தது. பிள்ளையின் படத்தை மடியில் வைத்தபடி அமர்ந்த தாய் தந்தையர் பலர், பதில் கிடைக்காமலேயே காலமாகிவிட்டனர்.

அரசு 2016 ஆம் ஆண்டு சட்டமொன்றின் மூலம், காணாமற்போனவர் என்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழ் வழங்க ஏற்பாடு செய்தது. மரணச் சான்றிதழ் பெறாமலேயே குடும்பங்கள் சொத்து, வங்கி, கொடுப்பனவு முதலிய விடயங்களைக் கையாள அது வழிசெய்தது. அவ்வாண்டிலேயே காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டமும் நிறைவேறியது. 2018 இல் அதன் ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டனர். ஆயினும் உறவினர் பலர் கேட்பது காகிதத்தையோ பணத்தையோ அன்று. தம் கையால் ஒப்படைத்த பிள்ளைக்கு என்ன நடந்தது என்ற உண்மையையே அவர்கள் கேட்கின்றனர். இதனைப் பிடிவாதம் என்போர் உளர். "இறந்துவிட்டான்" என்று தானே எழுதிக்கொடுக்க ஒரு தாய் மறுப்பது பிடிவாதமல்ல. சாட்சியம் எதுவும் இல்லாத நிலையில் அவளது பாசம் எடுக்கக்கூடிய ஒரே வடிவம் அதுவே.

இந்தக் காத்திருப்பு தமிழ்த் தாய்மாருக்கு மட்டும் உரியதன்று. 1990 ஜூலையில் குருக்கள்மடம் பகுதியில் கடத்தப்பட்டுக் காணாமற்போன காத்தான்குடி முஸ்லிம்களின் உறவினர்களும், தம்மவரின் உடல்களையாவது தோண்டியெடுத்து மார்க்க முறைப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்று பல்லாண்டுகளாகக் கேட்டு வருகின்றனர். காணாமற்போனவனின் மனைவி எவ்வளவு காலம் காத்திருப்பது என்பதை மத்ஹபுகளின் சட்ட அறிஞர்கள் நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஆராய்ந்துள்ளனர். சட்டம் ஒரு கால எல்லையை விதிக்கலாம். மனம் அதற்குக் கட்டுப்படுவதில்லை என்பதைக் கிளிநொச்சித் தாயும் காத்தான்குடித் தாயும் ஒருங்கே அறிவர்.

பற்று அருளை விழுங்கிய வேளை

இனப்பற்றும் மொழிப்பற்றும் தம்மளவில் குற்றமானவை அல்ல. தன் மொழியை நேசிக்காதவன் பிறர் மொழியின் அருமையை அறிவது கடினம். ஆனால் பற்று வளர்ந்து, அருளுக்குரிய இடத்தையும் தானே பிடித்துக்கொள்ளும் போதே கேடு தொடங்குகின்றது.

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள் மாத்திரமே. ஐந்து மாவட்டங்களிலிருந்தும் சுமார் 75,000 பேர் வீடு, நிலம், தொழில், பள்ளிவாசல் அனைத்தையும் விட்டுச் சென்றனர். அவர்கள் பேசியதும் தமிழே. மொழியின் பெயரால் நடந்த போராட்டம், அம்மொழியையே தாய்மொழியாகக் கொண்ட அயலவரை அந்நியராக்கியது. தமிழ் அயலவர் சிலர் கண்ணீருடன் வழியனுப்பினர் என்பதை வெளியேற்றப்பட்டவர்களே கூறியுள்ளனர். ஆனால் அந்தத் தனிமனித அன்பு, பொதுவெளியில் குரலாக எழவில்லை. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடைபெற்ற செய்தியாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் இதற்காக வருத்தம் தெரிவித்தார். சில நாள்களில் பிரபாகரனும் ரவூப் ஹக்கீமும் உடன்பாடொன்றில் ஒப்பமிட்டனர். எனினும், பன்னிரண்டு ஆண்டுகளில் புத்தளத்தில் ஒரு தலைமுறையே பிறந்து வளர்ந்துவிட்டது.

கிழக்கின் கதையும் இதற்குக் குறைந்ததன்று. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில் வீரமுனைக் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழரும் கொல்லப்பட்டனர். இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல நம்மில் பலர் இன்னமும் தயங்குகிறோம். தன் இறந்தோரை மட்டும் எண்ணுவது பாசம். மற்றவரின் இறந்தோரையும் எண்ணுவதே அருள்.

மண்ணில் கிடக்கும் சான்று

பளையிலிருந்து வடக்கே சிறிது தூரத்தில் முகமாலை உள்ளது. 2000 ஆம் ஆண்டு முதல் 2008 வரை முன்னரங்குகள் எதிரெதிரே நின்ற இடம் அது. நாட்டிலேயே கண்ணிவெடிகள் மிக நெருக்கமாகப் புதைக்கப்பட்ட நிலங்களுள் அதுவும் ஒன்று. இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே வடபகுதியின் கண்ணிவெடி நிலங்களைத் துப்புரவாக்கும் பணியில் பெண்கள் பெருமளவில் ஈடுபட்டு வந்துள்ளனர். அவர்களுள் போரில் கணவனை இழந்தவர்களும் உளர்.

முகக்கவசம் அணிந்து, வெயிலில் முழந்தாளிட்டு, மண்ணை அங்குலம் அங்குலமாக விலக்கிச் செல்லும் வேலை அது. குடும்பத்தைக் காப்பாற்றும் ஊதியத்துக்காகவே அவ்வேலைக்கு வருகின்றனர் என்பது உண்மை. அதனை மறைத்து அவர்களைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. ஆனால் அவள் துப்புரவாக்கும் நிலத்தில் நாளை தென்னை நடப்போகிறவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. அந்நிலத்தில் ஓடி விளையாடப்போகும் பிள்ளையின் பெயரோ மதமோ அவளுக்குத் தெரியாது. தன் பிள்ளைகள் மீதான பாசத்தினால் தொடங்கிய உழைப்பு, அறியாத பிள்ளைகளின் கால்களைக் காக்கும் அருளாக முடிகின்றது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கும் என்று வள்ளுவர் கண்டதை முகமாலையின் மணலில் நாம் காண்கிறோம்.

மேற்கூறியவற்றிலிருந்து நாம் அறிய வேண்டியது இதுவே. அன்பு குறைந்ததனால் மட்டும் நம்மிடையே கொடுமைகள் நிகழவில்லை. தம்மவர் மீது பேரன்பு கொண்டவர்களே மற்றவருக்குத் தீங்கிழைத்தனர். எனவே "அன்பு வேண்டும்" என்று பொதுப்படக் கூறுவது போதாது. எந்த அன்பு, யார் மீது, எந்த எல்லை வரை என்று கேட்க வேண்டும்.

அவ்வாறு கேட்டால் கடமைகளும் தெளிவாகும். காணாமற்போனோரின் குடும்பங்களுக்கு, அவர்கள் எச்சமூகத்தவராயினும், உண்மை தெரிவிக்கப்பட வேண்டும். வடக்குக்குத் திரும்பிய, திரும்ப விரும்பும் முஸ்லிம் குடும்பங்களின் காணி, வீட்டுத் தேவைகளைத் தமிழ்ப் பிரதிநிதிகளும் அதிகாரிகளும் தமது சொந்தத் தேவைகளாகக் கருத வேண்டும். கிழக்கில் தமிழ்க் கிராமங்கள் இழந்தவற்றைப் பற்றி முஸ்லிம் தலைமைகளும் அதே நேர்மையுடன் பேச வேண்டும். இவற்றுக்குப் பெரிய மாநாடுகள் தேவையில்லை. கிராம சேவையாளர் அலுவலகத்திலும், பாடசாலை அனுமதியிலும், சந்தையிலும், அயல்வீட்டு மரணச் சடங்கிலும் இவை தொடங்கலாம்.

பளையைக் கடந்து இன்று ரயில் நாள்தோறும் செல்கின்றது. அதில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே அமர்ந்து பயணம் செய்கின்றனர். அருகே அமர்வது அறிமுகத்துக்கு உதவும். அந்த அறிமுகம் நட்பாகவும், நட்பு அருளாகவும் வளர்வது தானாக நிகழ்வதன்று. அதற்கு நாம் ஒவ்வொருவரும் முயல வேண்டும்.