தவறவிடும் அச்சமும் தவறான கணக்கும்

ஊரே திருவிழாவுக்குச் சென்றிருக்க, நாம் மட்டும் வீட்டில் தங்கிவிட்டோமே என்ற ஏக்கம் மனிதனுக்குப் புதிதல்ல. முன்பு ஆண்டில் ஓரிரு முறை தலைகாட்டிய அந்த ஏக்கம், இன்று கைப்பேசியைத் திறக்கும்போதெல்லாம் எழுகிறது. பிறர் பெறுவதை நாம் தவறவிடுகிறோமோ என்ற இந்த அச்சத்துக்கு 'ஃபோமோ' என்று பெயர். ஹார்வர்டு வணிகப் பள்ளி மாணவராக இருந்த பேட்ரிக் மெக்கின்னிஸ், 2004-இல் அப்பள்ளியின் மாணவர் இதழில் எழுதிய கட்டுரை இச்சொல்லைப் பரவச் செய்தது.

இந்த அச்சம் ஒரு தவறான கணக்கில் வேரூன்றியுள்ளது. சமூக ஊடகத்தில் நாம் 200 பேரைப் பின்தொடர்ந்தால், ஒருவர் சுற்றுலா சென்றிருப்பார். மற்றொருவர் புதுமனை புகுந்திருப்பார். இன்னொருவர் பதவி உயர்வு பெற்றிருப்பார். அனைத்தையும் ஒரே நாளில் காணும்போது, எல்லாரும் எல்லாமும் பெற்றுவிட்டதாகத் தோன்றுகிறது. பலரது சிறந்த நாள்களின் தொகுப்போடு நமது சாதாரண நாளை ஒப்பிடுகிறோம். இன்ஸ்டாகிராமில் 2016-இல் அறிமுகமான, 24 மணி நேரத்தில் மறையும் பதிவுகள் 'இப்போதே பார்த்தாக வேண்டும்' என்ற பதற்றத்தையும் சேர்த்துவிட்டன.

இதன் விளைவு மன வருத்தத்தோடு நின்றுவிடுவதில்லை, பணப்பையையும் தொடுகிறது. பங்குச் சந்தையின் 'எஃப் அண்ட் ஓ' வணிகத்தில் ஈட்டிய லாபத்தைக் காட்டும் திரைப்படம் ஒன்று வாட்ஸ்ஆப் குழுவில் வருகிறது. நாமும் நுழைந்திருக்கலாமே என்று மனம் பதறுகிறது. ஆனால், 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இவ்வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் இழப்பையே சந்தித்ததாக 'செபி' 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு தெரிவிக்கிறது. மொத்த இழப்பு ரூ.1.8 லட்சம் கோடிக்கும் அதிகம். இவர்கள் அனைவரும் பிறரைப் பார்த்தே சந்தைக்கு வந்தவர்கள் என்று கூறிவிட முடியாது. எனினும், லாபம் ஈட்டியவர் பதிவிடுகிறார். இழந்தவர் பெரும்பாலும் மௌனம் காக்கிறார். அந்த மௌனம் எந்தத் திரையிலும் தெரிவதில்லை.

கைப்பேசியைத் துறப்பது இன்று பலருக்கும் இயலாது. ஆனால், ஒரு பதிவைக் கண்டு மனம் அலைபாயும்போது, இப்படிப் பதிவிட இயலாதவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுக்கொள்வது எவருக்கும் இயலும். பணம் சார்ந்த முடிவெனில், அதை ஒரு நாளேனும் தள்ளிவைப்பது நல்லது. பதிவு 24 மணி நேரத்தில் மறைந்துவிடும்; சேமிப்பை இழந்த குடும்பத்தின் கடன் அவ்வளவு விரைவில் மறைவதில்லை.