நம் கம்ப்யூட்டரின் சாவி யார் கையில்?



லேப்டாப் என்றால் நமக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட், கொஞ்சம் சினிமா, அவ்வளவுதான். ஆனால் அதே பெட்டி ஒருநாள் கோர்ட்டில் நமக்கு எதிராகச் சாட்சி சொல்லவும் கூடும். அந்தச் சாட்சியை நம்பலாமா என்பது, பெட்டி எவ்வளவு பத்திரமாக இருந்தது என்பதைப் பொறுத்தது. விக்கிரமங்கலத்தில் இருக்கிற நமக்கும் டெல்லிச் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீங்க. சம்பந்தம் இருக்கிறது!

காவல்காரன் யார்?

விண்டோஸ் ஆனாலும் சரி, லினக்ஸ் ஆனாலும் சரி, ஆபரேட்டிங் சிஸ்டம்தான் பெட்டிக்குக் காவல்காரன். எந்தப் புரோகிராம் எந்த ஃபைலைத் தொடலாம் என்று முடிவு செய்வது அதுதான். மெயிலில் வந்த ஏதோ ஒரு ஃபைலைத் திறக்கிறோம். "அனுமதிக்கவா?" என்று காவல்காரன் கேட்கிறான். நாம் படிக்காமலே "யெஸ்" என்று தட்டிவிடுகிறோம். முடிந்தது கதை! நமக்குள்ள அதிகாரம் அத்தனையும் அந்தப் புரோகிராமுக்குப் போய்விடும். உள்ளே வந்தவன் ஃபைலைத் திருடலாம். இல்லாத ஃபைலைக் கொண்டுவந்து வைத்துவிட்டும் போகலாம்.

முன்வாசல்: சட்டம்

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 69-ஆம் பிரிவு, எந்தக் கம்ப்யூட்டரில் உள்ள தகவலையும் கண்காணிக்கவும், பூட்டிய தகவலைத் திறந்து பார்க்கவும் அரசுக்கு அதிகாரம் தருகிறது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, குற்ற விசாரணை போன்றவை அதற்கான காரணங்கள். திறக்க உதவ மறுத்தால் 7 ஆண்டு வரை சிறை. 2018 டிசம்பர் 20 அன்று மத்திய உள்துறை 10 அமைப்புகளுக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்து உத்தரவு போட்டது. ஐ.பி., சி.பி.ஐ., என்.ஐ.ஏ., வருமான வரித்துறை வாரியம் எல்லாம் அதில் உண்டு.

குற்றவாளியைப் பிடிக்க வேண்டாமா என்று கேட்கலாம். கட்டாயம் பிடிக்கணும். ஆனால் அனுமதி கொடுப்பவர் உள்துறைச் செயலாளர். அதைச் சரிபார்க்கும் குழுவிலும் அதிகாரிகள்தான், நீதிபதி இல்லை. பரீட்சை எழுதியவனே பேப்பர் திருத்தினால் எப்படி? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதில் கை வைக்க அரசுக்குச் சட்டமும் வேண்டும், நியாயமான நோக்கமும் வேண்டும், அளவும் மீறக் கூடாது.

பின்வாசல்: ஓட்டை

அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. விண்டோஸில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தது. தன் வேலைக்கு உதவும் என்று ஆண்டுக்கணக்கில் மைக்ரோசாஃப்டிடம் சொல்லாமல் வைத்திருந்தது. அதற்காகச் செய்த கருவி 2017 ஏப்ரலில் வெளியே கசிந்தது. மே 12 அன்று "வான்னாக்ரை" என்ற வைரஸ் அதே ஓட்டை வழியாகப் புகுந்து, சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிகளும் தப்பவில்லை, கேரளத்தின் வயநாட்டில் ஓர் ஊராட்சி அலுவலகமும் தப்பவில்லை. மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே திருத்தம் கொடுத்திருந்தது, போட்டுக்கொள்ளாதவர்கள்தான் மாட்டினார்கள். நல்லவனுக்கு மட்டும் என்று ஓர் ஓட்டை கிடையாது என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமா?

விரகாலூர்க்காரர் ஒருவர்

இனி நம் பக்கத்து மாவட்டத்துக்கு வருவோம். திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937-இல் பிறந்தவர் ஸ்டேன் சுவாமி. ஜார்க்கண்டில் ஆதிவாசிகளுக்காக உழைத்த பாதிரியார். 2019 ஜூன் 12 அன்று புனே போலீஸ் அவருடைய கம்ப்யூட்டரை எடுத்துச் சென்றது. பீமா கோரேகாவ் வழக்கில் 2020 அக்டோபர் 8 அன்று என்.ஐ.ஏ. அவரைக் கைது செய்தது. ஜாமீன் கிடைக்காமலே 2021 ஜூலை 5 அன்று, 84 வயதில் இறந்துபோனார்.

அடுத்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் அர்செனல் கன்சல்டிங் நிறுவனத்தின் அறிக்கை வெளியானது. அதை ஆய்வு செய்யச் சொன்னது எதிர்த்தரப்பு வக்கீல்கள். 2014 முதலே யாரோ அந்தக் கம்ப்யூட்டருக்குள் புகுந்திருந்தார்கள், அவருக்குத் தெரியாமல் ஃபைல்களை வைத்தார்கள், போலீஸ் வருவதற்கு முந்தைய நாள் தடயத்தை அழிக்கப் பார்த்தார்கள் என்றது அறிக்கை. புகுந்தவர் யார் என்று அது சொல்லவில்லை. இதே வழக்கில் அர்செனலின் முந்தைய அறிக்கையைக் கோர்ட்டில் என்.ஐ.ஏ. எதிர்த்தது. இரு தரப்பையும் கேட்போம். ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: காவல்காரன் தூங்கிய வீட்டில் கிடைத்த பொருள், வீட்டுக்காரனுடையதுதான் என்று எப்படிச் சொல்வது?

ஹேஷ் என்னும் முத்திரை

ஒரு ஹார்ட் டிஸ்க் முழுவதையும் கணக்கிட்டு ஒரே ஓர் எண் எடுப்பதுதான் ஹேஷ். ஒரு காற்புள்ளி மாறினாலும் எண் அடியோடு மாறும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் இந்த எண்ணையும் எழுதவேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எண் எடுத்த பிறகு யாரும் கை வைக்கவில்லை என்பதைத்தான் ஹேஷ் காட்டும். அதற்கு முன்னாடி யார் வைத்தது என்று காட்டாது! ஆகவே பாதுகாப்பு முன்னதாகவே இருக்கவேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

1. தினசரி வேலைக்குச் சாதாரண அக்கவுண்ட் போதும்.

2. அப்டேட்டைத் தள்ளிப்போடாதீங்க. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. பழைய பெட்டியில் லினக்ஸ் போட்டுப் பாருங்கள்.

3. திருட்டு விண்டோஸ், "கிராக்" புரோகிராம் வேண்டவே வேண்டாம்.

4. டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யுங்கள். ஆனால் அது அணைத்து வைத்த பெட்டியைத்தான் காக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே வந்தவனைத் தடுக்காது.

5. உங்கள் பெட்டியை எடுத்துப்போனால், ஹேஷ் எண்ணை எழுத்தில் தரும்படி கேளுங்கள்.

டிப்ளமோ முடித்து நாளைக்கு நம்மில் சிலர் அரசு அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களையே பராமரிக்கப் போகிறோம். பயிரைக் காப்பது வேலியின் கடமை; வேலியே பயிரை மேயாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை. பூட்டைப் பற்றிப் படித்த நாம்தான், சாவியைப் பற்றியும் கேட்க வேண்டும்!