மின்னஞ்சல் தங்கும் இடம்

மின்னஞ்சல் முகவரியில் அட் குறிக்கு வலப்புறம் உள்ள டொமைன் பெயர், அந்த முகவரிக்கு வரும் அஞ்சலை எந்தக் கணினியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதை மட்டுமே சொல்கிறது. ஒப்படைக்கப்பட்ட அஞ்சல் அந்தக் கணினியின் எந்த வட்டில், எந்த அடைவில், எந்த வடிவத்தில் எழுதப்படும் என்பது முகவரியில் எங்கும் தெரிவதில்லை. முகவரியும் சேமிப்பிடமும் இப்படித் தனித்தனியாக இருப்பதால் ஒன்றைத் தொடாமல் மற்றொன்றை மாற்ற முடிகிறது. மத்திய அரசின் மின்னஞ்சல் சேவைக்கான ஏழாண்டு ஒப்பந்தத்தை 2023-இல் ஜோஹோ நிறுவனம் பெற்றது. அதன் தொடர்ச்சியாக ஏறத்தாழ 12 லட்சம் அரசு ஊழியர்களின் கணக்குகள் தேசியத் தகவலியல் மையத்தின் பழைய அமைப்பிலிருந்து அந்நிறுவனத்தின் அமைப்புக்கு மாற்றப்பட்டபோதும், அவர்கள் முகவரிகளின் டொமைன் பெயர்கள் மாறவில்லை. கடிதம் அனுப்பும் குடிமகனுக்கு எந்த வேறுபாடும் தெரியாமலேயே, கடிதம் போய்ச் சேரும் கிடங்கு வேறாகிவிட்டது.

அஞ்சல் எங்கே தங்க வேண்டும் என்று அவ்வளவு பெரிய அளவில் எடுக்கப்பட்ட அதே முடிவை, சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்திலும் அதன் சுற்று வட்டாரத்திலும் இயங்கும் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில் அலுவலகங்கள் ஒவ்வொன்றும் தனக்கான அளவில் எடுத்தாக வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அது எடுக்கப்படாமல், மென்பொருளை நிறுவியவர் விட்டுச்சென்ற இயல்பு நிலையிலேயே நின்றுவிடுகிறது. வடமாநில வணிகர்களின் கொள்முதல் ஆணைகள், வெடிபொருள் உரிமம் தொடர்பான கடிதப் போக்குவரத்து, ஆடிப்பெருக்கன்று புத்தாண்டு நாட்காட்டி ஆல்பங்கள் வெளியானதிலிருந்து மார்கழி வரை ஓயாமல் வந்துபோகும் அச்சு மாதிரிகள் எனத் தொழிலின் நினைவு முழுவதும் அஞ்சல்பெட்டிக்குள் அடங்கிவிட்ட காலத்தில், அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்பது கணினிக்காரரின் கவலை மட்டும் அன்று.

சிறு நிறுவனங்களில் மிகவும் கவனிக்கப்படாத சேமிப்பிடம் மேசை மேல் இருக்கும் கணினியே. பாப் என்னும் நெறிமுறை, சர்வரில் வந்து காத்திருக்கும் அஞ்சலைப் பயனரின் கணினிக்கு இறக்கிக்கொண்டு சர்வரில் உள்ள படியை நீக்கிவிடும் நோக்கத்தோடு, இணைப்பு நேரத்துக்குக் காசு கொடுத்த காலத்தில் உருவானது. படியைச் சர்வரிலும் விட்டுவைக்கும்படி அமைக்காத வரை, அலுவலகத்தின் பல்லாண்டுக் கடிதங்கள் அவுட்லுக் உருவாக்கும் பிஎஸ்டி என்ற ஒரே கோப்பில், ஒரே ஹார்டுடிஸ்கில் கிடக்கும். பழைய அவுட்லுக்கில் இந்தக் கோப்புக்கு 2 ஜிபி வரம்பு இருந்தது. அதைத் தொட்ட கோப்புகள் சிதைந்து திறக்காமல் போனதைப் பழைய கணினிப் பணியாளர்கள் அனைவரும் அறிவர். இதற்கு மாறாக ஐமேப் என்னும் நெறிமுறை அஞ்சலைச் சர்வரிலேயே வைத்துக்கொண்டு, கைபேசிக்கும் கணினிக்கும் ஒரே பெட்டியைக் காட்டுகிறது. இதனால் சேமிப்பிடம் பற்றிய பொறுப்பு முழுவதும் சர்வரின் மேல் விழுகிறது.

சர்வரில் அஞ்சலை எழுதிவைக்கும் மிகப் பழைய முறை எம்பாக்ஸ் எனப்படும். யூனிக்ஸ் காலத்திலிருந்து வரும் இம்முறையில் ஒரு பயனரின் உள்பெட்டி முழுவதும் ஒரே உரைக்கோப்பு. ஒரு கடிதம் முடிந்து அடுத்தது தொடங்குவதை, ஃப்ரம் என்ற சொல்லும் ஓர் இடைவெளியும் கொண்டு தொடங்கும் வரி காட்டுகிறது. கடிதத்தின் உடலுக்குள்ளேயே ஒரு வரி தற்செயலாக அப்படித் தொடங்கிவிட்டால், அதைப் புதிய கடிதம் என்று மென்பொருள் எண்ணிவிடாதிருக்க, அந்த வரியின் முன்னால் ஓர் அம்புக்குறி சேர்க்கப்படுகிறது. பழைய அஞ்சல்களில் காரணம் புரியாமல் நிற்கும் அம்புக்குறிகள் சிலவற்றின் கதை இதுவே. எம்பாக்ஸின் உண்மையான குறை வேறு. கோப்பின் நடுவிலுள்ள ஒரு கடிதத்தை நீக்கினால் அதற்குப் பின்னால் உள்ள அனைத்தையும் மறுபடி எழுத வேண்டும்; அவ்வாறு எழுதும்போது புதிய அஞ்சல் வந்து குறுக்கிடாமலிருக்கக் கோப்பைப் பூட்ட வேண்டும்; எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் ஒரு கடிதமன்று, பெட்டி முழுவதுமே ஐயத்துக்குரியதாகிவிடும்.

இதற்கு மாற்றாக, க்யூமெயில் என்ற அஞ்சல் மென்பொருளை எழுதிய டேனியல் பெர்ன்ஸ்டைன் 1990-களின் நடுவில் வகுத்த மெயில்டிர் முறை, ஒரு கடிதத்துக்கு ஒரு கோப்பு என்ற கொள்கையை வைத்தது. பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டுவது, ஓர் அறையில் நேரும் விபத்து அடுத்த அறைக்குத் தாவாமலிருக்கத்தான். மெயில்டிரின் தருக்கமும் அதுவே. இம்முறையில் ஒவ்வொரு பெட்டியும் டிஎம்பி, நியூ, கர் என்ற மூன்று அடைவுகளைக் கொண்டது. வரும் கடிதம் முதலில் டிஎம்பியில் முழுமையாக எழுதப்பட்டு, பின்னர் நியூ அடைவுக்குப் பெயர்மாற்றத்தின் மூலம் நகர்த்தப்படுகிறது. பெயர்மாற்றம் பாதியில் நிற்க முடியாத ஒற்றைச் செயல் என்பதால், படிப்பவர் கண்ணில் அரைகுறைக் கடிதம் ஒருபோதும் படாது, பூட்டும் தேவைப்படாது. அஞ்சல் மென்பொருள் அதைக் கண்டதும் கோப்பு கர் அடைவுக்குப் போகிறது. படித்தது, பதில் எழுதியது, குறியிட்டது ஆகிய நிலைகள் அந்தக் கோப்பின் பெயரின் கடைசியில் ஓரெழுத்துக் குறிகளாக ஒட்டிக்கொள்கின்றன. கோப்பின் பெயர் வந்த நேரம், எழுதிய செயலியின் எண், கணினியின் பெயர் ஆகியவற்றால் ஆனதால் இரண்டு கடிதங்களின் பெயர் மோதிக்கொள்வதில்லை.

மெயில்டிருக்கும் விலை உண்டு. லட்சக்கணக்கான சிறு கோப்புகளைக் காப்புப் படி எடுப்பது, அதே கொள்ளளவுள்ள ஒரு பெரிய கோப்பைப் படியெடுப்பதைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கிறது. கோப்புகளின் எண்ணிக்கைக்கு வட்டு விதித்திருக்கும் வரம்பு, இடம் தீர்வதற்கு முன்பே தீர்ந்துபோகக்கூடும். இதனால்தான், ஃபின்லாந்தைச் சேர்ந்த டிமோ சிரைனென் 2002-இல் வெளியிட்டு இன்று பரவலாகப் பயன்படும் டவ்காட் என்ற ஐமேப் சர்வர், எம்டிபாக்ஸ் என்ற இடைநிலை வடிவத்தையும் தருகிறது. இதில் பல கடிதங்கள் ஒரு கோப்பில் சேர்க்கப்பட்டு, கோப்பு ஓர் அளவைத் தாண்டியதும் அடுத்தது தொடங்கப்படுகிறது. பழைய கடிதங்களை மட்டும் விலை குறைந்த வேறொரு வட்டுக்குத் தள்ளிவைக்கவும் வழி உண்டு. ஆனால் எந்தக் கடிதம் எந்த ஃபோல்டரைச் சேர்ந்தது, படிக்கப்பட்டதா என்பன போன்ற செய்திகள் குறியீட்டுக் கோப்புகளில் தனியாக இருப்பதால், அவற்றைப் படியெடுக்க மறந்தவர் கடிதங்களை மீட்டாலும் ஒழுங்கை மீட்க முடியாது. இருபது முப்பது பேர் பணிபுரியும் அலுவலகத்துக்கு, கண்ணால் பார்த்துக் கையால் சரிசெய்யக்கூடிய மெயில்டிரே போதும் என்பது நடைமுறைக்கு ஒத்த முடிவாகத் தோன்றுகிறது.

வடிவத்தைத் தேர்ந்த பின் இடத்தைக் குறிக்க வேண்டும். சிக்கல்கள் பெரும்பாலும் இங்குதான் முளைக்கின்றன. ஒரு சர்வரில் அஞ்சலை வாங்கி வட்டில் எழுதும் மென்பொருளும், வட்டிலிருந்து எடுத்துப் பயனருக்குக் காட்டும் மென்பொருளும் வெவ்வேறாக இருப்பது வழக்கம். போஸ்ட்ஃபிக்ஸ் எழுதுகிறது, டவ்காட் காட்டுகிறது என்று கொண்டால், இரண்டும் ஒரே இடத்தை ஒரே வடிவத்தில் அறிந்திருக்க வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸில் ஹோம்_மெயில்பாக்ஸ் என்ற அமைப்பு வரியின் மதிப்பு சாய்கோட்டில் முடிந்தால் அது மெயில்டிர். சாய்கோடு விடுபட்டால் அதே பெயரில் எம்பாக்ஸ் கோப்பு உருவாகும். அந்த வரியே இல்லாவிட்டால் அஞ்சல் கணினியின் பொது அஞ்சல் அடைவுக்குப் போகும். டவ்காட்டோ பயனரின் சொந்த அடைவில் தேடிக்கொண்டிருக்கும். அனுப்பியவருக்கு அஞ்சல் போய்ச்சேர்ந்தது, சர்வரின் பதிவேடும் ஒப்படைத்ததாகச் சொல்கிறது, பெறுபவரின் பெட்டி மட்டும் காலி என்ற புகாரின் பின்னால் பல வேளைகளில் இருப்பது இந்த இணக்கமின்மையே. எழுதும் வேலையையும் எல்எம்டிபி என்ற நெறிமுறை வழியாக டவ்காட்டிடமே ஒப்படைத்துவிட்டால், இடம் ஓரிடத்தில் மட்டும் குறிக்கப்பட்டு இந்தக் குழப்பம் நீங்கும்.

டவ்காட்டில் இந்த இடத்தைக் குறித்துவந்த வரி மெயில்_லொக்கேஷன். அதை நிரப்பாமல் விட்டால் டவ்காட் வழக்கமான இடங்களைத் தானே துழாவிப் பார்க்கும். ஆனால் ஒரு கடிதமும் வராத புதிய பயனரிடம் துழாவுவதற்கு எதுவும் இல்லாததால் அந்த ஊகம் தோற்றுப்போகும். 2025-இல் வெளிவந்த 2.4 பதிப்பில் இவ்வரி நீக்கப்பட்டு, வடிவத்துக்கு மெயில்_டிரைவர், இடத்துக்கு மெயில்_பாத் எனத் தனித்தனி வரிகள் வந்துவிட்டன. பழைய அமைப்புக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு மேம்படுத்தினால் சர்வர் தொடங்கவே மறுக்கும். பல நிறுவனங்களுக்கு ஒரே சர்வர் என்றால், டொமைன் பெயருக்கு ஓர் அடைவு, அதற்குள் பயனர் பெயருக்கு ஓர் அடைவு என்று மாறிகளைக் கொண்டு இடத்தைக் குறிப்பது வழக்கம். அனைத்துக்கும் விமெயில் போன்ற பெயரில் ஒரே கணினிப் பயனரை உரிமையாளராக வைப்பதும் அப்படியே. மாதச் சந்தாவில் கிடைக்கும் சிபேனல் வகைப் பகிர்வு சர்வர்களில் இந்த ஏற்பாடு முன்னதாகவே செய்யப்பட்டிருக்கும். அங்கே அஞ்சலும் இணையதளமும் ஒரே இட ஒதுக்கீட்டைப் பங்கிடுவதால், தளத்தில் ஏற்றிய படங்கள் அஞ்சலின் இடத்தைத் தின்றுவிடுவது உண்டு.

அஞ்சலுக்கெனத் தனி வட்டைப் பொருத்துவது நல்ல வழக்கம் என்றாலும், அதில் ஒரு பொறி இருக்கிறது. மின்தடைக்குப் பின் சர்வர் தானாக எழும்போது அந்த வட்டு இணையாமல் போனால், இணைப்புக்கென விடப்பட்ட வெற்று அடைவு முதன்மை வட்டிலேயே இருக்கும். அஞ்சல் எல்லாம் அங்கே புதிய பெட்டியாக எழுதப்படும், பயனருக்குப் பழைய கடிதங்கள் மறைந்தது போலத் தோன்றும், வட்டை மறுபடி இணைத்தால் இடையில் வந்தவை மறையும். இணையாத நிலையில் அந்த அடைவில் விமெயில் பயனர் எழுத முடியாதபடி உரிமையை அமைத்துவிட்டால், ஒப்படைப்பு தற்காலிகமாகத் தோற்று, அஞ்சல் போஸ்ட்ஃபிக்ஸின் வரிசையில் காத்திருக்கும். இயல்பு நிலையில் அந்தக் காத்திருப்பு ஐந்து நாள் வரை நீளும் என்பதால், பிழையைக் கண்டு திருத்த வேண்டிய அவகாசம் கிடைக்கிறது.

அச்சு அலுவலகங்களைத் தடுமாறச் செய்வது அளவு வரம்பு. போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக ஏற்கும் ஒரு கடிதத்தின் அளவு 1,02,40,000 பைட். இணைப்புகள் அஞ்சலில் செல்லும்போது ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்காக விரிவதால், உண்மையில் ஏழரை மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைந்த கோப்பே செல்லும். நாட்காட்டியின் ஒரு பக்க வடிவமைப்பே இதைத் தாண்டிவிடும் என்பதால் வரம்பை உயர்த்துகிறார்கள். அப்போது 5,12,00,000 பைட்டாக இருக்கும் பெட்டி வரம்பையும் உடன் கவனிக்க வேண்டும். எம்பாக்ஸில் இவ்வரம்பு முழுப் பெட்டிக்கும் பொருந்தும், மெயில்டிரில் தனிக் கடிதத்துக்கே பொருந்தும்.

இடத்தை மாற்றும்போது கடிதக் கோப்புகளைப் படியெடுத்தால் மட்டும் போதாது. ஐமேப் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஓர் எண்ணும், ஒவ்வொரு ஃபோல்டருக்கும் அந்த எண்வரிசை செல்லுபடியாவதைக் காட்டும் அடையாள எண்ணும் தருகிறது. இந்த அடையாளம் மாறினால் அலுவலகத்தின் எல்லாக் கைபேசிகளும் கணினிகளும் தாம் வைத்திருந்த படியைத் தூக்கி எறிந்துவிட்டு, முழுப் பெட்டியையும் ஒரே நேரத்தில் மறுபடி இறக்கத் தொடங்கும். டவ்காட்டுக்குள்ளேயே மாறும்போது அதன் ஒத்திசைவுக் கருவி எண்களைக் காப்பாற்றித் தருகிறது; வேறு நிறுவனத்தின் சேவைக்குப் போகும்போது எண்கள் புதிதாகும் என்பதால், மாற்றத்தைத் தீபாவளி ஆணைகள் குவியும் வாரங்களில் வைத்துக்கொள்ளாமலிருப்பது நல்லது.

எத்தனை ஆண்டு அஞ்சலுக்கு இடம் ஒதுக்குவது என்பதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவு, கணக்கு ஆவணங்களை ஆண்டறிக்கை தாக்கல் செய்யவேண்டிய நாளிலிருந்து 72 மாதங்கள் காக்கச் சொல்கிறது. விலைப்பட்டியல்கள் அஞ்சல் இணைப்பாக மட்டுமே இருக்கும் நிறுவனத்துக்கு அஞ்சல்பெட்டியே கணக்கு அறை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவைச் சான்றாக முன்வைக்கும்போது இணைக்கும் சான்றிதழ்ப் படிவத்தில், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணித்துப் பெறும் ஹேஷ் மதிப்பைக் குறிக்க வேண்டும். மெயில்டிரில் வழக்குக்குரிய கடிதம் தனிக் கோப்பாகவே கிடப்பதால் அதற்கு நேராக ஹேஷ் கணிக்கலாம். எம்டிபாக்ஸில் அக்கடிதத்தை முதலில் பிரித்தெடுத்தாக வேண்டும், பிரித்தெடுத்த முறையையும் குறித்துவைத்தாக வேண்டும்.