எரிந்த அணுவின் எச்சம்

அடுப்பில் எரிந்த விறகு சாம்பலாகும். அச்சாம்பலினின்று மீண்டும் விறகு பெறுதல் இயலாது. அணு உலையில் எரிந்த யுரேனியத்தின் இயல்போ வேறு. உலையினின்று எடுத்த எரிபொருளில் யுரேனியம் பெரும்பகுதி எஞ்சியிருக்கும். புளூட்டோனியம் என்னும் புதிய தனிமமும் அதில் விளைந்திருக்கும். அவ்வெரிபொருளை நறுக்கி, நைட்ரிக் அமிலத்திற் கரைத்து, அவ்விரண்டையும் பிரித்தெடுத்தலே மறுசெயலாக்கம் எனப்படும். சாம்பலினின்று விறகு கிடைக்குமெனில் யார்தாம் வேண்டாவென்பார்?

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், பஃபலோ நகருக்குத் தெற்கே, வெஸ்ட் வேலி என்றொரு சிற்றூர் உளது. அந்நாட்டில் தனியார் நடத்திய முதல் மறுசெயலாக்க ஆலை 1966-இல் அங்கே இயங்கத் தொடங்கிற்று. நடத்தியவர் தனியாரேயெனினும், நிலம் மாநில அரசினுடையது. வந்த எரிபொருளிற் பாதிக்கு மேற்பட்டது நடுவணரசின் உலையில் எரிந்தது. ஆறாண்டுகளில் ஏறத்தாழ 640 டன் கரைக்கப்பட்டது. ஆலையை விரிவுபடுத்தும் பொருட்டு 1972-இல் வேலையை நிறுத்தினர். நிலநடுக்கத்தைத் தாங்குதல் முதலிய புதிய விதிகளுக்கு ஏற்பத் திருத்தக் கணக்கிட்டபோது, ஒன்றரைக் கோடி டாலர் என்றிருந்த செலவு அறுபது கோடியாயிற்று. 1976-இல் நிறுவனம் விலகிக்கொண்டது.

விலகியவர் விட்டுச் சென்றது யாது? நிலத்தடித் தொட்டிகளில் ஏறத்தாழ 23 இலட்சம் லிட்டர் கழிவு நீர்மம். அதிலுள்ள சீசியமும் ஸ்ட்ரான்ஷியமும் தம் கதிர்வீச்சிற் பாதியை இழப்பதற்கே முப்பதாண்டளவு செல்லும். தொட்டியின் எஃகோ அரிப்புக்கு ஆட்படுவது. இந்நீர்மத்தைக் கண்ணாடியாக உறையச்செய்து காட்டும் பணியை 1980-ஆம் ஆண்டுச் சட்டம் அரசின்மேல் ஏற்றியது. செலவிற் பத்தில் ஒன்பது பங்கு நடுவணரசுக்கு, எஞ்சியது மாநிலத்துக்கு. இரண்டும் குடிகளின் வரிப்பணமே. கழிவைக் கண்ணாடிப் பொருள்களோடு உருக்கி எஃகு உருளைகளில் வார்க்கும் வேலை 1996-இல்தான் தொடங்கிற்று, 2002-இல் முடிந்தது. 275 உருளைகள் நிறைந்தன.

அத்துடன் தீர்ந்ததா? ஆலை இயங்கிய காலத்திலேயே, எவரும் அறியாமல், ஒரு குழாயினின்று கசிந்த அமிலம் மண்ணிற் புகுந்து, நிலத்தடி நீரில் ஸ்ட்ரான்ஷியத்தைப் பரப்பியிருந்தது. அந்நீரைத் தடுத்து வடிக்க, 2010-இல் சியோலைட் என்னும் கனிமத்தால் நிலத்துள் நெடுஞ்சுவர் ஒன்று அமைத்தனர். 2020-க்குள் நடுவணரசின் செலவு மட்டும் 300 கோடி டாலரைக் கடந்தது. பணத்தினும் பெரிய அச்சமொன்று உண்டு. பிரித்தெடுத்த புளூட்டோனியம் அணுகுண்டுக்கும் ஆகும். அது பற்றியே 1977-இல் அதிபர் கார்ட்டர் மின்னுலை எரிபொருளின் மறுசெயலாக்கத்தைக் காலவரையறையின்றி ஒத்திவைத்தார்.

அவ்வுருளைகள் இப்பொழுது கற்காரைக் கூடுகளுள், முன்பு உழவு நடந்த அந்நிலத்திலேயே நிற்கின்றன. அவற்றைப் புதைப்பதற்கென நிலத்தின் ஆழத்தே ஓரிடம் அந்நாடு இன்னும் அமைத்திலது.